முந்திரிக்குக் கிடைத்த இடம்

முந்திரி என்றதும் பாயசத்தை நினைக்க வேண்டாம். ஒன்றை 320 பங்காக்கினால் வரும் ஒரு பங்குக்கு நம் முன்னோர் வைத்த பெயர் முந்திரி. அதை எழுத ஒரு தனிக்குறியும் வைத்திருந்தார்கள். அந்தக் குறிக்குக் கணினியில் இடம் கிடைத்தது 2019 மார்ச்சில்தான். யார் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள், ஏன் இவ்வளவு நாள் ஆனது என்பதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

முந்திரி இரண்டு சேர்ந்தால் அரைக்காணி, 1/160. நாலு சேர்ந்தால் காணி, 1/80. நாலு காணி ஒரு மா, 1/20. மாகாணி 1/16. அரைக்கால், கால், அரை, முக்கால் நமக்குத் தெரிந்தவை. மேலே போவது போலவே கீழேயும் போவார்கள். "கீழ்" என்று ஒரு குறி போட்டால் எழுதியதை இன்னும் 320ஆல் வகுக்க வேண்டும். கீழ்முந்திரி என்றால் 1/1,02,400. கால்குலேட்டர் இல்லாத காலத்தில் நிலத்தையும் நெல்லையும் இவ்வளவு நுணுக்கமாகப் பங்கிட்டிருக்கிறார்கள். எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைக்காகப் பாடத்தில் வைத்திருக்கிறோம். பராந்தகச் சோழன் காலத்து அந்தக் கல்வெட்டுகளில் (கி.பி. 919, 921) வாரியத்துக்குப் போட்டியிடக் கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும் என்று விதி இருக்கிறது. வேலிக்கு 20 மா. கால் வேலிக்கு 5 மா. இந்தக் கணக்கு தெரியாமல் அந்த விதி மாணவனுக்கு எப்படிப் புரியும்?

என் தலைமுறை ஆசிரியர் பயிற்சி முடித்து வெளியே வந்தபோது எண்சுவடி பள்ளியை விட்டுப் போயே விட்டது. ஆனால் என் தாத்தா ஒரு பட்டுக் கடையில் கணக்கு எழுதியவர். அவருடைய நோட்டு ஒன்று வீட்டில் இருக்கிறது. பட்டு நூல் கொடுத்தது, ஜரிகை கொடுத்தது, கூலி பற்று வைத்தது எல்லாம் வரிசையாக இருக்கும். அதில் ௳ என்றால் நாள், ௴ மாதம், ௵ வருடம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி. பின்னக் குறிகளும் உண்டு. ஓய்வு பெற்ற பிறகு அதை அப்படியே கணினியில் தட்டச்சு செய்து வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். நாள், மாதம் வந்தது. வரவு, பற்று வந்தது. மாவும் காணியும் வரவே இல்லை.

கணினிக்கு எழுத்து தெரியாது; எண் மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து வைக்க வேண்டும். முன்பு ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு எண் வரிசை. நீங்கள் அனுப்பிய கடிதம் என் கணினியில் கோழி கிளறிய குப்பையாகத் தெரியும். இதைத் தீர்க்க உலக மொழிகளுக்கெல்லாம் ஒரே அட்டவணை போட்டார்கள். அதுதான் யூனிகோடு. முதல் பதிப்பு 1991. தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு கட்டம் ஒதுக்கினார்கள். ஆனால் அந்தக் கட்டத்துக்குள் எழுத்துகளை உட்கார வைத்தது தொல்காப்பிய வரிசைப்படி அல்ல. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக இருக்கட்டும் என்று டெல்லியில் போட்ட 'இஸ்கி' என்ற அட்டவணையைப் பார்த்து உட்கார வைத்தார்கள்.

விளைவைப் பாருங்கள். கட்டத்தில் ந-வுக்கு அடுத்து ன. ர-வுக்கு அடுத்து ற. வ-வுக்கு முன்னாலேயே ழ வந்துவிடும். அந்த எண்களை மட்டும் நம்பி வருகைப் பதிவேட்டை அகர வரிசைப்படுத்தினால் எந்தத் தமிழாசிரியரும் சிவப்பு மையை எடுத்துவிடுவார். சரியாக அடுக்கத் தனியாக நிரல் எழுத வேண்டும். ழ-வுக்கு ஆங்கிலத்தில் கொடுத்த பெயர் "எல் எல் எல் ஏ". மூன்று எல் போட்டால் ழ ஆகிவிடுமாம்! 10, 100, 1000 ஆகியவற்றுக்கான பழைய குறிகள் இருந்தன, பூஜ்யம் இல்லை.

இதையெல்லாம் மாற்றச் சொல்லக் கூடாதா? கூடாது. ஒரு முறை கொடுத்த இடத்தை மாற்றுவதில்லை, வைத்த பெயரையும் மாற்றுவதில்லை என்பது அவர்கள் விதி. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. யோசித்தால் நியாயம் இருக்கிறது. இடத்தை மாற்றினால் ஏற்கெனவே எழுதி வைத்த கோப்புகள் எல்லாம் மறுபடி குப்பையாகிவிடும். ஆகவே புதிதாகச் சேர்க்கச் சொல்லலாம், அவ்வளவுதான். அப்படிக் கேட்டு வந்தவைதான் 2003இல் வந்த நாள், மாதம், வருடம், வரவு, பற்றுக் குறிகள். 2005இல் பூஜ்யமும் ஶ என்ற எழுத்தும் வந்தன. 2008இல் ௐ.

உயிர்மெய் உட்பட எல்லா எழுத்துக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்று நம் கணினித் தமிழ் ஆட்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். அந்த முறைக்கு டேஸ்16 என்று பெயர். 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், தமிழக அரசு யூனிகோடை முதல் தரமாகவும் டேஸ்16ஐ மாற்றுத் தரமாகவும் அறிவித்தது. யூனிகோடு கட்டத்துக்குள் மட்டும் அது நுழையவில்லை. கோரிக்கையில் நியாயம் இருந்தது என்பது என் கருத்து. நாம் கேட்கப் போனபோது பந்தி முடிந்துவிட்டது.

அப்படியானால் எதைக் கேட்டால் நடக்கும்? நெசவாளர் வீட்டுப் பிள்ளை, என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன், இப்போது மென்பொருள் எழுதுகிறான். அவன் சொன்னான்: "சார், 'இது சரியில்ல'ன்னு ஒரு வரி எழுதினா எங்க ஆளுங்க யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். என்ன வேணும், எதுக்கு வேணும், இப்ப இல்லாததால எந்த வேலை நிக்குது, இதுக்கு ஆதாரம் என்ன... இந்த நாலும் இருக்கணும்." யூனிகோடிலும் அதேதான். அமைச்சராக இருக்க வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் முன்மொழிவு அனுப்பலாம். ஆனால் படிவத்தை நிரப்ப வேண்டும். குறியின் வடிவம், பெயர், மதிப்பு, வரிசையில் எங்கே வரும் என்று சொல்ல வேண்டும். முக்கியமாக, அந்தக் குறி உண்மையிலேயே வழக்கத்தில் இருந்தது என்பதற்கு நூல்களிலிருந்தும் ஆவணங்களிலிருந்தும் மாதிரி காட்ட வேண்டும்.

மறுப்பவர்களுக்கும் அங்கே இடம் உண்டு. 2010இல் ரமண சர்மா என்ற வடமொழி ஆய்வாளர், சமஸ்கிருதத்தைத் தமிழ் எழுத்தில் பிழையில்லாமல் எழுத வசதியாக 26 கிரந்தக் குறிகளைச் சேர்த்து "நீட்டித்த தமிழ்" வேண்டும் என்று முன்மொழிந்தார். அதே ஆண்டு மத்திய அரசு அனுப்பிய கிரந்தக் கட்ட முன்மொழிவில் எ, ஒ, ழ, ற, ன போன்ற நம் எழுத்துகளும் இருந்தன. பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அப்போதைய முதல்வர் மு. கருணாநிதி நவம்பரில் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். வல்லுநர்கள் ஏன் கூடாது என்று காரண காரியத்தோடு எழுதி அனுப்பினார்கள். நீட்டித்த தமிழ் நின்றது. கிரந்தம் 2014இல் தனிக் கட்டமாக வந்தது. அதில் ழ, ற, ன இல்லை.

நான் காஞ்சிக்காரன். கைலாசநாதர் கோயில் திருச்சுற்றில் ராஜசிம்மன் தன் பட்டப்பெயர்களைக் கொடிக்கொடியாய் அழகெழுத்தில் வெட்டி வைத்திருப்பதை எத்தனையோ முறை பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். கிரந்தம் எங்கள் ஊர்க் கல்லில் இருக்கிற எழுத்து, அதன் மீது எனக்குப் பகை இல்லை. அதற்குத் தனி வீடு கட்டியது சரி. தமிழ் வீட்டுக்குள் குடி வைக்காததும் சரி.

வேடிக்கை என்னவென்றால், நம் முந்திரிக்கு இடம் கேட்டு 2012இல் முன்மொழிவு எழுதியவரும் அதே ரமண சர்மாதான். பின்னங்கள், நெல் அளக்கும் ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு, பணத்தில் காசு, பணம், பொன், வராகன், நிலத்தில் குழி, வேலி, நன்செய், புன்செய் என்று எல்லாவற்றுக்கும் மாதிரி தேடிக் கோத்துக் கொடுத்தார். அது பலருடைய பார்வைக்குப் போய்த் திருத்தப்பட்டது. அரைக்கு ஒரே வடிவம் அல்ல, இரண்டு வடிவம் வழக்கில் இருந்தது, மாகாணிக்கும் அப்படியே. இரண்டையும் சேர்த்தார்கள். கடைசியில் 51 குறிகளோடு "தமிழ்ப் பிற்சேர்க்கை" என்ற தனிக் கட்டம் 2019 மார்ச்சில் வெளியான 12ஆம் பதிப்பில் வந்தது. ஏழு ஆண்டு. 2010 ஜூலையில் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட புதிய ரூபாய்க் குறியோ அதே ஆண்டு அக்டோபரில் யூனிகோடில் இருந்தது! மூன்றே மாதம். காசு என்றால் எல்லோருக்கும் அவசரம்.

ஒருவர் ஒரு விஷயத்தில் சொன்னது நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அவர் செய்த இன்னொரு நல்ல வேலையைச் சொல்லாமல் விடக் கூடாது என்பதால்தான் பெயரோடு எழுதுகிறேன். இதற்குக் கீழே சண்டை வேண்டாம்.

இப்போது நிலைமை என்ன? இடம் கிடைத்துவிட்டது, குடித்தனம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. இந்தப் பதிவில் நான் 1/320 என்று எண்ணில் எழுதியதற்குக் காரணம், முந்திரிக் குறியைப் போட்டால் உங்களில் பலருடைய கைபேசியில் வெறும் கட்டம்தான் தெரியும். இதற்கென்று 'நோட்டோ' வரிசையில் இலவச எழுத்துரு இருக்கிறது. தரவிறக்கிப் போட்டால் கணினியில் தெரிகிறது. ஆனால் நான் பயன்படுத்தும் விசைப்பலகையில் இந்தக் குறிகளை உள்ளிட வழியே இல்லை. ஒவ்வொன்றையும் அட்டவணையிலிருந்து நகலெடுத்து ஒட்ட வேண்டியிருக்கிறது. தாத்தா நோட்டில் ஒரு பக்கம் முடிக்க எனக்கு ஒரு காலைப் பொழுது ஆகிறது.

அதனால் என் பழைய மாணவன் சொன்ன நாலையும் வரிசையாக எழுதி, நோட்டின் இரண்டு பக்கத்தைப் படம் பிடித்து இணைத்து, அந்த விசைப்பலகையை உருவாக்கியவர்களுக்குப் போன வாரம் அனுப்பியிருக்கிறேன். மா, காணி, முந்திரி, அரைக்கால், கீழ் என்று பெயரைத் தட்டினால் குறி பரிந்துரையாக வர வேண்டும், இவ்வளவுதான் கேட்டது. பதில் இன்னும் வரவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையார்பாளையம், சின்ன காஞ்சிபுரம் பக்கத்து நண்பர்கள் வீட்டுப் பரணில் பழைய கணக்கு நோட்டோ, நிலப் பத்திரமோ இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பின்னக் குறி உள்ள பக்கத்தை மட்டும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்புங்கள். ஆள் பெயர், கடன் தொகை இருந்தால் மறைத்துவிடுங்கள். அடுத்த கடிதத்தோடு அவற்றையும் சேர்த்து அனுப்புகிறேன்.