சேப்பாக்கம் 1999: சச்சினுக்கு நிஜமாவே கை நடுங்குச்சா?

இன்னைக்கு ஒரு மேட்ச், ஒரு மனுஷன், ஒரு குற்றச்சாட்டு. குற்றச்சாட்டு உங்களுக்கும் தெரியும். "சச்சின் பெரிய பிளேயர்தான், ஆனா பிரஷர்னு வந்துட்டா கவுத்துடுவாரு." உங்க வீட்ல யாராவது ஒருத்தர் கண்டிப்பா சொல்லியிருப்பாங்க. எங்க வீட்ல சொல்றவர் எங்கப்பா.

எங்க ஊர் பள்ளிப்பட்டு. திருத்தணியில இறங்கி இன்னொரு பஸ் புடிக்கணும். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனா ஆந்திரா. தறி சத்தத்துக்கு மேல குரலை ஒசத்திப் பேசியே பழகுன ஊர், அதனால எங்காளுங்க சாதாரணமா பேசுறதே வெளியூர்க்காரனுக்கு சண்டை மாதிரி கேட்கும். அந்த ஊர்லயே ரெண்டு பேர் பேசுறது நிஜமாவே சண்டைதான். ஒருத்தர் எங்கப்பா, இன்னொருத்தர் அம்மாவோட தம்பி, என் தாய்மாமா. சண்டைக்குக் காரணம் 1999 ஜனவரி 31. அப்போ எனக்கு ரெண்டு வயசுகூட ஆகல. ஆனா அந்த மேட்ச் ஸ்கோர்கார்டு எனக்கு மனப்பாடம், ஏன்னா ஒவ்வொரு பொங்கலுக்கும் அதை யாராவது ஒருத்தர் வாயாலயே ஒப்பிப்பாங்க.

முதல்ல மேட்ச் என்னன்னு பார்ப்போம்.

இந்தியாவும் பாகிஸ்தானும் 1989க்கு அப்புறம் ஒரு டெஸ்ட்கூட ஆடல. 1998 மே மாசம் ரெண்டு நாடும் அணுகுண்டு சோதனை நடத்தி முடிச்சிருந்தாங்க. பாகிஸ்தான் டீம் வரக்கூடாதுன்னு டெல்லி கோட்லா மைதானத்துல புகுந்து சிவசேனாக்காரங்க பிட்சையே தோண்டிப் போட்டாங்க. அதனால டெல்லியில நடக்க வேண்டிய முதல் டெஸ்ட் சென்னைக்கு வந்துச்சு. "பிரஷர்"ங்கற வார்த்தையை நாம ஆபீஸ்ல டெட்லைனுக்கு யூஸ் பண்றோம் இல்லையா, இது அந்த பிரஷர் இல்ல.

முதல் இன்னிங்ஸ்: பாகிஸ்தான் 238, கும்ப்ளேக்கு 6 விக்கெட். இந்தியா 254. அதுல சச்சின் 0. சக்லைன் முஷ்டாக் பந்துல மூணாவது பந்துலயே அவுட். ரெண்டாவது இன்னிங்ஸ்ல பாகிஸ்தானுக்கு ஷாஹித் அஃப்ரிடி 141 அடிச்சாரு. மத்தவங்க வரிசையா விழுந்தாங்க, வெங்கடேஷ் பிரசாத் 33 ரன் கொடுத்து 6 விக்கெட். 286 ஆல் அவுட். இந்தியாவுக்கு டார்கெட் 271.

நாலாவது இன்னிங்ஸ், சேப்பாக்கம், உடைஞ்ச பிட்ச், ஒரு பக்கம் வாசிம் அக்ரம், இன்னொரு பக்கம் வக்கார், நடுவுல சக்லைனோட தூஸ்ரா. 6 ரன்னுக்கு 2 விக்கெட். நம்ம ஊர்ப் பையன் சடகோபன் ரமேஷுக்கு அதுதான் முதல் டெஸ்ட், அவரும் போயாச்சு, லக்ஷ்மணும் போயாச்சு. அங்க உள்ள வந்தவர் சச்சின். மறுநாள் 82க்கு 5. டிராவிட், அசார், கங்குலி எல்லாரும் பெவிலியன்ல.

கூட ஆட மிச்சம் இருந்தவர் விக்கெட் கீப்பர் நயன் மோங்கியா. ரெண்டு பேரும் சேர்ந்து 136 ரன். மோங்கியா 52ல தூக்கி அடிச்சு கேட்ச் ஆனப்ப ஸ்கோர் 218. சச்சினுக்கு முதுகு புடிச்சுக்கிச்சு. ஒவ்வொரு ரன்னுக்கும் முகம் சுளிக்கறது டிவியில தெரிஞ்சதா அப்பாவே ஒத்துக்குவாரு. குனிஞ்சு நிமிர முடியாத ஆளு, இனிமே ஓட முடியாது, அடிச்சு முடிச்சுடலாம்னு சக்லைனை பவுண்டரி பவுண்டரியா அடிச்சாரு. சுனில் ஜோஷி மறுபக்கம். ஸ்கோர் 254. வேண்டியது இன்னும் 17. கையில 4 விக்கெட்.

சக்லைன் பந்தைத் தூக்கி அடிச்சாரு. பந்து மேல போச்சு, மேலயே போச்சு. கீழ மிட் ஆஃப்ல வாசிம் அக்ரம் நின்னாரு.

136 ரன், 273 பந்து, ஆறே முக்கால் மணி நேரம். அதுக்கப்புறம் வந்தவங்க சேர்த்தது 4 ரன். ஜோஷி, கும்ப்ளே, ஸ்ரீநாத். 258 ஆல் அவுட். 12 ரன்ல தோல்வி.

மேட்ச் முடிஞ்சதும் நடந்ததைத்தான் உலகமே பேசுது: சேப்பாக்கம் கூட்டம் எழுந்து நின்னு கை தட்டுச்சு, பாகிஸ்தான் டீம் மைதானத்தை ஒரு சுத்து சுத்தி வந்துச்சு. எங்க மாமா அந்தக் கூட்டத்துல இருந்தவரு. திருத்தணியில ரயில் புடிச்சுப் போய் டிக்கெட் வாங்குன ஆளு. "நான் முதல்ல எழுந்திரிக்கலடா, பக்கத்துல ஒரு பெரியவர் எழுந்தாரு, அப்புறம் உட்கார்ந்திருக்க வெட்கமா போச்சு"ன்னு சொல்வாரு. மேன் ஆஃப் த மேட்ச் சச்சின்தான். அதை வாங்க அவர் வெளிய வரல. டிரெஸ்ஸிங் ரூம்ல அழுதுட்டிருந்தாரு.

இப்போ அப்பா கட்சி. "136 அடிச்சவனுக்கு 17 அடிக்கத் தெரியாதா? அந்த நேரத்துல எதுக்கு அந்த ஷாட்டு? அதான் பிரஷர்." அப்பாவோட லிஸ்ட் இங்க நிக்காது. 2003 உலகக்கோப்பை ஃபைனல், 360 டார்கெட், சச்சின் 4 ரன், மெக்ராத்தோட முதல் ஓவர்லயே காலி. 2011 ஃபைனல், 18 ரன், மலிங்கா.

மாமா கட்சி வேற. 1998 ஷார்ஜா, 143, ரெண்டு நாள் கழிச்சு ஃபைனல்ல 134. 2003 செஞ்சூரியன், பாகிஸ்தானுக்கு எதிரா 98. அந்த 2003 உலகக்கோப்பை முழுக்க 673 ரன், அவர் இல்லன்னா ஃபைனலே கிடையாதுன்னு மேஜையைத் தட்டுவாரு.

கவனிச்சீங்களா, ரெண்டு பேரும் பொய் சொல்லல. ரெண்டு பேரும் அவங்கவங்களுக்கு வேணுங்கற மேட்சை எடுத்துக்கறாங்க, அவ்ளோதான். டேட்டா வேலை பார்க்கறவங்களுக்கு இந்த வியாதி நல்லா தெரியும்.

அமெரிக்காக்காரங்க பேஸ்பால்ல இதே சண்டையை நமக்கு முன்னாடியே போட ஆரம்பிச்சுட்டாங்க. முக்கியமான நேரத்துல அடிக்கற ஆளை அங்க "கிளட்ச்"னு சொல்வாங்க. (வண்டி கிளட்ச் இல்ல.) 1977ல டிக் கிராமர்னு ஒருத்தர், மருந்து ஆராய்ச்சியில இருந்த வேதியியல்காரர், ஒரு எளிமையான கேள்வி கேட்டாரு. கிளட்ச்ங்கறது ஒருத்தனோட குணம்னா அது வருஷா வருஷம் அவன்கூடவே வரணும் இல்லையா? 1969ல முக்கியமான நேரத்துல நல்லா ஆடுனவங்க 1970லயும் அப்படி ஆடுனாங்களான்னு பார்த்தாரு. ஒரு தொடர்பும் இல்ல. இந்த வருஷம் ஹீரோ, அடுத்த வருஷம் சாதா ஆளு.

நம்ம பாஷையில சொன்னா, கோடுல ஒரு வரிகூட மாத்தாம இன்னைக்கு பாஸ் ஆகி நாளைக்கு ஃபெயில் ஆகுதே, அந்த டெஸ்ட் மாதிரி. அதை வெச்சு கோடு நல்லா இருக்கு, இல்லன்னு யாராவது முடிவு பண்ணுவோமா?

அதோட கதை முடிஞ்சதுன்னு ரொம்ப நாள் நினைச்சாங்க. 2004ல பில் ஜேம்ஸ், பேஸ்பால் புள்ளிவிவரத்தோட பெரிய தலை, கிராமர் முடிவை முன்னாடி நம்புனவரு, தானே திரும்ப வந்து ஒரு கட்டுரை எழுதுனாரு. அவர் சொன்னது: பனிமூட்டத்துல ஒண்ணு தெரியலங்கறதுக்காக அது அங்க இல்லன்னு சொல்லிட முடியாது. அந்தக் குணம் நிஜமா இருந்தாலுமே, சாம்பிள் சின்னதா இருக்கறப்ப அந்தக் கணக்குல அது மாட்டாது. அதாவது, "கிளட்ச் இருக்கு"ன்னும் நிரூபிக்கல, "இல்ல"ன்னும் நிரூபிக்கல. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் புடிச்ச இடம் இதுதான். இருபது முப்பது வருஷமா ஒரு பக்கம் நின்னுட்டு, "நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன்"னு எழுதறது லேசு இல்ல. எங்க வீட்ல இன்னும் ரெண்டு பேருமே எழுதல.

சரி, சச்சினோட கணக்கு என்ன? ஒருநாள் போட்டியில மொத்த சராசரி 44.83. ஃபைனல்ல மட்டும் எடுத்தா 40 மேட்ச், 1851 ரன், சராசரி 54.44. ஃபைனல்ல கூடுதலா அடிச்சிருக்காரு. இதை மாமாகிட்ட காட்டுனப்ப டீக்கடையில எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாரு.

ஆனா அப்பா பக்கமும் ஒரு நம்பர் இருக்கு, அதை மறைச்சா நான் யோக்கியன் இல்ல. டெஸ்ட்ல சச்சின் சராசரி 53.78. நாலாவது இன்னிங்ஸ்ல மட்டும் 36.93. உடைஞ்ச பிட்ச்ல எல்லாருக்கும் குறையத்தான் செய்யும், அது நியாயம். ஆனா கவாஸ்கருக்குக் குறையல. மொத்தம் 51.12, நாலாவது இன்னிங்ஸ்ல 58.25. இதுக்கு மாமாகிட்ட பதில் இல்ல. என்கிட்டயும் முழு பதில் இல்ல. கவாஸ்கருக்கு அது வெறும் முப்பத்திச் சொச்சம் இன்னிங்ஸ், பில் ஜேம்ஸ் சொன்ன பனிமூட்டம் அங்கயும் இருக்குங்கறது மட்டும்தான் சொல்ல முடியும்.

நான் இதுல எங்க நிக்கறேன்னா, சேப்பாக்கத்துலயே நிக்கறேன். ஒரே கிரவுண்டு, ஒரே ஆளு, பத்து வருஷம். 1998 மார்ச், ஆஸ்திரேலியா. முதல் இன்னிங்ஸ்ல ஷேன் வார்ன் சச்சினை 4 ரன்ல தூக்குனாரு, ஆஸ்திரேலியா 71 ரன் முன்னிலை. ரெண்டாவது இன்னிங்ஸ்ல சச்சின் 155 நாட் அவுட், இந்தியா 179 ரன்ல ஜெயிச்சுது. சும்மா வந்ததில்ல அது. சீரிஸுக்கு முன்னாடியே லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணனை ரவுண்ட் த விக்கெட் வந்து கீறல் விழுந்த இடத்துல போடச் சொல்லி பிராக்டிஸ் பண்ணியிருந்தாரு. பத்து மாசம் கழிச்சு அதே கிரவுண்டுல 136, தோல்வி. 2001ல அதே கிரவுண்டுல ஆஸ்திரேலியாவுக்கு எதிரா 126. அது யாருக்காவது ஞாபகம் இருக்கா? ஹர்பஜன் 15 விக்கெட் எடுத்த மேட்ச், 2 விக்கெட்ல இந்தியா ஜெயிச்சுது, அதனால அது ஹர்பஜன் மேட்ச் ஆயிடுச்சு.

155ஐ விட 136 எந்த விதத்துல கோழைத்தனமான ஆட்டம்? என்னைக் கேட்டா அந்த 136தான் பெருசு. அந்த ஷாட் தப்பு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அது ஒரு ஷாட். ஜோஷியும் கும்ப்ளேவும் ஸ்ரீநாத்தும் சேர்ந்து 17 அடிச்சிருந்தா, அதே ஷாட்டை "முதுகு வலியோட துணிஞ்சு அடிச்சாரு"ன்னு நாம பேசியிருப்போம். மத்த மூணு பேரோட ரிசல்ட்டை எடுத்து ஒருத்தனோட குணம்னு எழுதிட்டோம்.

இப்படி எழுதறது ஒருத்தனை என்ன பண்ணும்னு சேத்தன் சர்மாவைக் கேட்கணும். 1986 ஏப்ரல் 18, ஷார்ஜா, கடைசி பந்து, மியாண்டட் அடிச்ச சிக்ஸர். அடுத்த வருஷமே நாக்பூர்ல நியூசிலாந்துக்கு எதிரா உலகக்கோப்பை வரலாற்றுலயே முதல் ஹாட்ரிக் எடுத்தவர் அதே சேத்தன் சர்மா. கூகுள்ல அவர் பேரைப் போடுங்க, எது முதல்ல வருதுன்னு பாருங்க.

எனக்கு இதுல என்ன இவ்ளோ அக்கறைன்னு கேட்டா, காலேஜ்ல கேம்பஸ் இன்டர்வியூ. ஒரு கம்பெனி, கடைசி ரவுண்டு, தலைகீழா தெரிஞ்ச ஒரு கேள்வி, வாயே வரல. வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா திட்டல. "விடு, நீ சச்சின் மாதிரி"ன்னாரு. இந்தியாவுலயே அந்த வாக்கியத்தைக் கேட்டு அழுத ஒரே பையன் நானாத்தான் இருப்பேன். அடுத்த நாலு இன்டர்வியூவுக்கும் நான் கேள்வியோட போகல, அந்த வாக்கியத்தோடதான் போனேன்.

2008 டிசம்பர். மும்பைத் தாக்குதல் முடிஞ்சு மூணு வாரம்கூட ஆகல. ஊருக்குப் போன இங்கிலாந்து டீம் திரும்பி வந்துச்சு, டெஸ்ட் சேப்பாக்கத்துல. நாலாவது இன்னிங்ஸ்ல 387 டார்கெட். சேவாக் 68 பந்துல 83 அடிச்சு வழி போட்டுக் கொடுத்தாரு. டிசம்பர் 15, கடைசி நாள். எனக்கு அரையாண்டுப் பரீட்சை, மத்தியானமே வீட்டுக்கு வந்துட்டேன். அப்பா, மாமா, நான், ஒரு டிவி. 224க்கு 4. சச்சினும் யுவராஜும். இந்தத் தடவை அவர் எதையும் தூக்கி அடிக்கல. யுவராஜையும் அடிக்க விடல, ஒவ்வொரு ஓவர் முடியறப்பவும் போய் ஏதோ சொல்லிட்டே இருந்தாரு. கடைசியில கிரேம் ஸ்வான் பந்தை ஃபைன் லெக் பக்கம் தட்டி விட்டாரு, ஃபோர். வெற்றி ரன்னும் அதுதான், செஞ்சுரியும் அதுதான். 103 நாட் அவுட்.

மாமா எழுந்து குதிச்சாரு. அப்பா குதிக்கல. ரிமோட்டை எடுத்து டிவி சவுண்டைக் குறைச்சாரு, கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு, மாமாவைப் பார்த்து, "ஒம்போது வருஷம் லேட்டு, மச்சான்"னாரு.