மன்னிப்புக்குப் பிறகு வரும் பாடம்: கனடாவில் ஒரு திருச்சபையின் கதை



வகுப்பில் இரண்டு பிள்ளைகள் சண்டை போட்டால் நாம் என்ன செய்வோம்? "போ, சாரி சொல்லு" என்போம். அவனும் சொல்லிடுவான். விஷயம் முடிஞ்சது என்று நாமும் பாடத்தைத் தொடர்வோம். கனடாவில் ஒரு திருச்சபை மன்னிப்புக் கேட்டபோது விஷயம் அப்படி முடியவில்லை. வரலாறு சொல்லித்தரும் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

1880களிலிருந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென விடுதிப் பள்ளிகள் இயங்கின. பணம் அரசாங்கத்துடையது, பெரும்பாலான பள்ளிகளை நடத்தியவை திருச்சபைகள். 1920இல் சட்டம் மேலும் கடுமையானது. பிள்ளைகளை அனுப்ப மறுத்த பெற்றோருக்குத் தண்டனை உண்டு. சுமார் 150,000 பிள்ளைகள் இப்படிப் பிரிக்கப்பட்டார்கள். முடியை வெட்டினார்கள், பெயரை மாற்றினார்கள். தாய்மொழியில் பேசிய பிள்ளைக்கு அடி விழுந்தது. நோயாலும் பராமரிப்பின்மையாலும் இறந்தவர்களில் 4,100க்கும் மேற்பட்டோர் இதுவரை பதிவாகியுள்ளனர்.

அடித்தவர்கள் யார்? அவர்களும் ஆசிரியர்கள்தாம். நல்லது செய்கிறோம் என்று நம்பியே பலர் செய்தார்கள். இதைப் படிக்கும்போது மனசுக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

1986 ஆகஸ்ட் மாதம், சட்பரி நகரில் கனடா ஐக்கியத் திருச்சபையின் பொதுப்பேரவை கூடியது. சபையிலிருந்த பூர்வகுடியினர் ஏற்கெனவே மன்னிப்பு கோரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். சபைத் தலைவர் ராபர்ட் ஸ்மித் மூத்தோரிடம் சென்று மன்னிப்புக் கேட்டார். மேற்கத்திய வாழ்க்கை முறையையும் நற்செய்தியையும் ஒன்றெனக் குழப்பி, தங்கள் நாகரிகத்தை உங்கள்மேல் திணித்தோம் என்பதே அதன் சாரம்.

மூத்தோர் என்ன செய்தார்கள் தெரியுமா? மன்னிப்பைக் காதில் வாங்கிக்கொண்டார்கள், ஆனால் ஏற்கவில்லை. 1988இல் வந்த முறையான பதிலும் அதுதான். சட்பரியில் அதன் நினைவாகக் கற்களை அடுக்கி ஒரு சின்னம் எழுப்பினார்கள். அதையும் முழுசாகக் கட்டி முடிக்கவில்லை. சொன்ன சொல்லை வாழ்ந்து காட்டுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்பதே பொருள்.

வாழ்ந்து காட்டுவது எளிதாக இல்லை. அந்த மன்னிப்பு விடுதிப் பள்ளிகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதற்கென்று சபை தனியாக மன்னிப்புக் கேட்டது 1998இல்தான். 2012இல் சபை தன் சின்னத்தையே மாற்றியது. 'என் உறவுகள் அனைவரும்' என்று பொருள்படும் மோஹாக் மொழித் தொடர் அதில் ஏறியது. 2015இல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 94 செயல் அழைப்புகளை வெளியிட்டது. அதில் 59ஆவது நேராகத் திருச்சபைகளுக்குரியது: மன்னிப்பு ஏன் தேவைப்பட்டது என்பதை உங்கள் சபை மக்களுக்குக் கற்றுக்கொடுங்கள்!

அப்படிக் கற்கும் வழிகளில் ஒன்று 1997இல் உருவான 'போர்வைப் பயிற்சி'. தரையில் விரித்த போர்வைகள்தான் நிலம். பங்கேற்பாளர்கள் அதன்மேல் நடப்பார்கள். ஒருவர் வரலாற்றை வாசிக்க வாசிக்க, போர்வைகள் மடிக்கப்பட்டு, சுருங்கி, அகற்றப்படும். கடைசியில் கொஞ்சம் பேர்தான் ஒரு துண்டுப் போர்வையில் நிற்பார்கள். பிறகு எல்லாரும் வட்டமாக அமர்ந்து பேசுவார்கள். இதைப் பூர்வகுடி மூத்தோரின் துணையோடுதான் நடத்த வேண்டும். நாம் விளையாட்டுபோல் எடுத்துச் செய்வது சரியாகாது. ஆனால் வரலாற்றை உடம்பால் உணரவைக்கும் முறையை நாம் கவனிக்கலாம்.

வகுப்பில் கலந்துரையாட:

1. மன்னிப்பை ஏற்க மறுக்கும் உரிமை யாருக்கு உண்டு? ஏன்?
2. நாம் செய்யாத தவற்றுக்கு நாம் பொறுப்பேற்க முடியுமா?
3. தாய்மொழியை இழந்த பிள்ளை வீடு திரும்பினால், பாட்டியிடம் எப்படிப் பேசும்?

மூன்றாவது கேள்வியைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அமைதியாக இருங்கள். தமிழ் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அதற்கு விளக்கம் தேவைப்படாது.