அலன் ஷெப்பர்ட்: பதினைந்து நிமிடங்களும் பத்து ஆண்டுகளும்

சந்திரனில் நடந்த பன்னிருவரில் ஐந்தாமவர் அலன் ஷெப்பர்ட். அவர் பெயரைச் சொன்னதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அங்கே அவர் அடித்த இரண்டு கொல்ஃப் பந்துகளே. அந்த வேடிக்கையின் பின்னால் மறைந்துபோனது நீண்டதொரு காத்திருப்பின் வரலாறு.

1923 இல் நியூ ஹம்ப்ஷயர் மாநிலத்தின் டெரி நகரில் பிறந்த ஷெப்பர்ட், கடற்படை விமானி. 1959 ஏப்ரலில் நாசா அறிவித்த முதல் ஏழு விண்வெளி வீரர்களில் ஒருவர். அமெரிக்காவின் முதற்பயணத்துக்கு அவரே தெரிவானார். ஆனால், 1961 ஏப்ரல் 12 இல் சோவியத் ஒன்றியத்தின் யூரி ககாரின் முந்திக்கொண்டார். மே 5 ஆம் திகதி 'ஃப்ரீடம் 7' கலத்தில் புறப்பட்ட ஷெப்பர்ட், 187 கிலோமீற்றர் உயரம் சென்று அத்திலாந்திக் சமுத்திரத்தில் இறங்கினார். மொத்தப் பயணம் 15 நிமிடங்கள் 22 செக்கன்கள். ககாரினோ பூமியையே சுற்றிவந்தவர். எனினும், அடுத்த இருபது நாட்களில், தசாப்தம் முடிவதற்குள் மனிதனைச் சந்திரனில் இறக்கவேண்டும் என்று ஜனாதிபதி கென்னடி காங்கிரஸிடம் கோருவதற்கு அந்தக் கால் மணி நேரம் போதுமானதாயிற்று.

ஷெப்பர்டுக்கு அடுத்துக் கிடைத்தது ஜெமினி திட்டத்தில் வீரர்கள் பறக்கும் முதற்பயணம். அதற்கான பயிற்சிக் காலத்தில் தலைச்சுற்றும் வாந்தியும் காதிரைச்சலும் அவரை வாட்டின. உட்காதைத் தாக்கும் மெனியர் நோய் என மருத்துவர்கள் கண்டறிந்தனர். பறக்கும் அனுமதி பறிபோனது. 1965 மார்ச்சில் அவருக்குப் பதிலாக கஸ் கிரிஸம் பறந்தார்.

ஷெப்பர்ட் பதவி விலகவில்லை. விண்வெளி வீரர்களின் அலுவலகத் தலைவராக மேசையில் அமர்ந்து, ஏனையோரின் பயிற்சிகளை மேற்பார்வை செய்து, ஒவ்வொருவராக விண்ணுக்கு வழியனுப்பிவைத்தார். முதல்வனாகச் சென்றவனுக்கு இதைவிடக் கடுமையான தண்டனை வேறென்ன?

உட்காதில் மிகுந்து தேங்கும் திரவத்தை வடியச்செய்யும் புதியதொரு சத்திரசிகிச்சையை லொஸ் ஏஞ்சலிஸில் புனைபெயரில் செய்துகொண்டார். அது பலித்தது. 1969 மே மாதம் மீண்டும் பறக்கும் தகுதி பெற்றார். அப்பல்லோ 13 இற்கு அவரை நியமிக்க முயன்றபோது, பயிற்சி போதாது என்று நாசா தலைமையகம் மறுத்து, அப்பல்லோ 14 இற்கு மாற்றியது. 1970 ஏப்ரலில் அப்பல்லோ 13 இன் ஒட்சிசன் தாங்கி வெடித்தது. மறுப்பே அவரைக் காத்தது எனலாம்.

1971 பெப்ரவரி 5 இல், 47 ஆவது வயதில், ஷெப்பர்ட் சந்திரனில் கால் வைத்தார். மறுநாள் அவரும் எட்கர் மிச்செலும் கோன் பள்ளத்தின் விளிம்பைத் தேடி மேட்டில் ஏறிக் களைத்து, அதைக் காணாமலே திரும்பினர். விளிம்பு சுமார் 30 மீற்றர் தொலைவிலேயே இருந்தது என்பது பின்னர் தெரியவந்தது. கொல்ஃப் பந்துகள் பறந்தது அதன் பிறகுதான்.

1998 ஜூலை 21 இல் அவர் காலமானார். முதல் எழுவரில் சந்திரனில் நடந்தவர் அவர் ஒருவரே. தரையில் காத்திருந்த அந்த ஆண்டுகளையும் சேர்த்தால்தான் அவரது பயணம் முழுமையாகும்.