நூலும் ஒரு கவசம்

ஒரு குலத்தின் பெருமையை எடுத்துரைப்போர் இருவகைப்படுவர். சான்று கண்டு சொல்வார் ஒரு சாரார். கேட்போர் மகிழ்வதையே சொல்வார் மற்றொரு சாரார். சென்ற ஆண்டு நம் சங்கத்தின் ஆண்டுவிழா மேடையில் நாம் இரண்டாம் சாராருள் ஒருவராய் நின்றுவிட்டோம். அப்பிழையைத் திருத்திக்கொள்ளும் பொருட்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

அன்று நாம், சோழப் பேரரசின் படையில் நம் முன்னோராகிய கைக்கோளர் இரும்புக் கவசம் பூண்டு களம்புக்கனர் என்று முழங்கினோம். கரவொலி எழுந்தது. கூட்டம் கலைந்தபின், நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பயிலும் சிறுமி ஒருத்தி நம்மை அணுகி, “ஐயா, அந்தக் கவசம் இப்போது எங்கே இருக்கிறது? நான் பார்க்கலாமா?” என்று வினவினாள். நமக்கு விடை கூற நா எழவில்லை. இருபதாண்டு ஆசிரியப் பணியில், ‘சான்று யாது?’ என்று மாணவரைக் கேட்டுப் பழகிய நாம், அன்று அவ்வினாவுக்கே தலைகுனிந்தோம்.

அதன்பின் ஓய்வு நேரமெல்லாம் கவச ஆராய்ச்சியிலேயே கழிந்தது. முதற்கண் நூல்களைப் புரட்டினோம். புறநானூற்றின் 13-ஆம் பாட்டில், யானைமீது வரும் சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளியின் புலித்தோற் கவசம் அம்புகளாற் கிழிபட்டிருந்ததை உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் காட்டுகின்றார். பதிற்றுப்பத்து சேரவேந்தனையே வீரர்க்கு ‘மெய்ம்மறை’ என்கிறது. உடலை மறைத்துக் காக்கும் கவசம் போன்றவன் என்பது பொருள். பழைய சொற்பொருள் நூல்களில் அரணம், சாலிகை முதலிய பெயர்களும் கவசத்துக்கு உள. ஆகவே கவசம் தமிழர்க்குப் புதியதன்று. எனினும், அதனை அணிந்தோர் யாவர் என்று நோக்குமிடத்து அரசரும் தலைவருமே முன்னிற்கின்றனர்.

ஏனைய வீரர் நிலை யாது? செங்கம் வட்டாரத்துப் பல்லவர் கால நடுகற்களில் வீரர் வில்லும் வாளும் கேடகமும் ஏந்தி நிற்கின்றனர்; மார்பு பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக் கரைக்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, இந்நாட்டார் உடையின்றி வேலும் கேடகமும் மட்டும் கொண்டு போருக்குச் செல்வதாக எழுதினார். அதுபற்றி நம்மவரை இகழவும் செய்தார். சோழர் கல்வெட்டுக்களில் ‘தெரிஞ்ச கைக்கோளர்’ எனும் படைப்பிரிவுகள் பல காணப்படுகின்றன. தெரிந்தெடுக்கப்பட்டோர் என்பது அதன் பொருள். இது நமக்குப் பெருமையே. ஆயினும் அக்கல்வெட்டுக்கள் படையின் பெயரையும் கொடையையும் கூறுகின்றனவேயன்றி, வீரர் உடுத்த உடையைக் கூறவில்லை. ‘இரும்புக் கவசம்’ என்றது நம் சொந்தக் கற்பனை. அதனை ஈண்டு வெளிப்படையாக மீட்டுக்கொள்கிறோம்.

இரும்புக் கருவிகளேனும் நம் நாட்டில் எஞ்சினவா எனின், எஞ்சியவை சிலவே. நம் சங்கரன்கோவிலுக்கு அணித்தேயுள்ள நெற்கட்டுஞ்செவலில் இருந்து ஆற்காட்டு நவாபையும் கும்பினியாரையும் எதிர்த்தவர் பூலித்தேவர். அவர் நம் சங்கரநாராயணர் கோயிலுட் புகுந்து மறைந்தார் என்பது இவ்வூர் வழக்கு. அவருடைய கோட்டைகள் 1761-இல் யூசுப்கானிடம் வீழ்ந்தன. 1799-இல் கட்டபொம்மனார் தூக்கிலிடப்பட்டபின் மேஜர் பானர்மன் பாளையக்காரருக்கு விடுத்த ஆணையிலும், 1801 டிசம்பர் 1-ஆம் நாள் கவர்னர் எட்வர்டு கிளைவு விடுத்த விளம்பரத்திலும், கோட்டைகளை இடிக்கவும் மக்கள் படைக்கலங்களை ஒப்படைக்கவும் கட்டளை பிறந்தது. தஞ்சையில் மராட்டிய அரசர் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றி இறந்தபின், அவ்வரண்மனைப் படைக்கலச் சாலையும் கலைக்கப்பட்டது. சிறந்தன சில சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்றன. எஞ்சியவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாய் விலைபோயின. சென்னை எழும்பூரில் அக்கருவிகளைக் காண்போர் இந்த இழப்பையும் நினைவு கொள்வாராக.

இங்ஙனம் தேடி வருகையில், நாம் சற்றும் எதிர்பாராத ஒன்று கிட்டிற்று. 1520-ஐ ஒட்டி விசயநகரத்துக்கு வந்த போர்த்துகீசியர் தொமிங்கோ பயஸ் என்பவரும், அவருக்குப் பின் எழுதிய நூனிஸ் என்பவரும், அப்பேரரசின் வீரர் பூண்ட தடித்த மேலங்கிகளைக் குறிப்பிடுகின்றனர். பல அடுக்காகப் பொதிந்து தைத்த மேலங்கிகள் அவை. தோலடுக்கும் இரும்புத் தகடும் சேர்த்துச் செய்தனவும் உண்டு. மைசூர்த் திப்பு சுல்தானுக்கு உரியவெனக் கூறப்படும் பஞ்சுப்பொதிக் கவசங்கள் பிரிட்டன் நாட்டில் இன்றும் போற்றப்படுகின்றன. கவசம் என்றால் கொல்லன் உலைக்களத்தையே நினைந்திருந்த நமக்கு, அது தறிமேடையிலும் பிறந்தது என்பது பெருவியப்பாயிற்று.

மேனாடுகளிலும் இதுவே நிலை. 1181-இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி, நகரத்தாரும் சுதந்தர மக்களும் பொதியங்கி ஒன்றும் இரும்புத் தொப்பி ஒன்றும் ஈட்டி ஒன்றும் வைத்திருக்கவேண்டுமென்று சட்டம் செய்தார். இரும்புச் சட்டை செல்வர்க்கு. துணிக் கவசம் ஏனையோர்க்கு. அப்பொதியங்கிக்கு அந்நாட்டில் வழங்கிய ‘அக்கெட்டன்’ என்னும் பெயர், பருத்தியைக் குறிக்கும் ‘அல்குத்ன்’ என்ற அரபுச் சொல்லின் திரிபேயாகும். 1519-இல் மெக்சிகோ நாட்டில் இறங்கிய ஸ்பானியரோ, அந்நாட்டாரின் பஞ்சுக் கவசத்தைக் கண்டு, தம் இரும்பினும் அவ்வெப்ப நாட்டுக்கு அதுவே ஏற்றதெனத் தாமும் பூண்டனர்.

படித்தது போதாது, செய்து பார்க்கவேண்டும் என்னும் அவா நமக்கு உண்டாயிற்று. இவ்வவா உலகில் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஸ்காட் பார்ட்டெல் என்னும் மாணவர் அலெக்சாந்தர் மீதிருந்த பற்றினால் பழைய கிரேக்கரின் துணிக்கவசத்தைத் தாமே செய்யத் தொடங்கினார். அவர்தம் பேராசிரியர் கிரிகரி ஆல்ட்ரெட் அதனைப் பெரும் ஆராய்ச்சியாக்கி, அம்பெய்து சோதித்து, 2013-இல் நூலாகவும் வெளியிட்டார். விளையாட்டாகத் தொடங்கிய வேலை வரலாற்றுக்கு விளக்காயிற்று.

கோடை விடுமுறையில் நாமும் தொடங்கினோம். கடையில் ஆலைத்துணி வாங்கி, பதினெட்டு அடுக்கு அடுக்கி, நெடுக்கே வரிவரியாய்த் தைத்தோம். ஊசிகள் பல ஒடிந்தன. வைக்கோல் திணித்த சாக்கின்மேல் அதனைப் போர்த்து, மூங்கில் வில்லால், கொல்லர் ஒருவர் அடித்துத் தந்த இரும்புமுனை அம்பைப் பத்தடித் தொலைவினின்று எய்தோம். அம்பு கவசத்தை ஊடுருவி வைக்கோலில் ஆழ்ந்தது.

நம் தெருவில் எழுபத்தெட்டு அகவை நிரம்பிய நெசவாளப் பெரியவர் ஒருவர் உளர். நமக்கு மாமன் முறை. அவர் அக்கவசத்தை விரலால் நெருடிப் பார்த்து நகைத்தார். “மாப்பிள்ளை, துணியை அடுக்கினால் மெத்தைதான் ஆகும், கஞ்சி ஏறினால்தான் பலகை ஆகும். கடைத்துணியில் இழைக்கு இழை இடைவெளி கிடக்கிறதே, அம்பு ஏன் நுழையாது?” என்றார். நாற்பது நூல் படித்தும் நமக்கு விளங்காதது அவ்வொரு சொல்லில் விளங்கிற்று.

அவர் தம் தறியிலேயே பருநூலால், ஊடையை நெருக்கி அடித்துக் காடாத்துணி நெய்து தந்தார். இருபத்துநான்கு அடுக்கு வெட்டினோம். ஓரடுக்கின் பாவு நெடுக்காயின், அடுத்ததன் பாவு குறுக்காக வைக்குமாறு பணித்தார். அரிசிக் கஞ்சியோடு புளியங்கொட்டைப் பசையைக் கலந்து ஒவ்வோரடுக்கிலும் தேய்த்து வெயிலில் உலர்த்தினோம். பின்னர், முறுக்கேற்றிய நூலுக்குத் தேன்மெழுகு பூசி, கோணியூசியால் கட்டங்கட்டமாய்த் தைத்தோம். நாற்பது நாள் சென்றன. கவசம் ஏறக்குறைய 5 கிலோ நிறை இருந்தது.

மீண்டும் சோதித்தோம். பத்து அம்புகளில் ஏழு, அடுக்குக்குள்ளேயே சிக்கி நின்றன. மூன்றின் முனை மட்டும் மறுபுறம் நகத்தளவு எட்டிப் பார்த்தது. அரிவாள் வெட்டு மேலிருந்த ஆறு அடுக்கோடு நின்றது. ஆனால் வேலை இருகையாலும் பற்றிக் குத்தியபோது அது துளைத்தேவிட்டது. இரும்பு அடியைத் தட்டி விலக்கும். நூல் அடியை வாங்கித் தன் இழைகளெங்கும் பகிர்ந்துகொள்ளும். 1965-இல் ஸ்டெஃபனி குவாலெக் என்னும் அம்மையார் கண்ட கெவ்லார் என்னும் இழையை நெய்து, அடுக்கடுக்காகச் சேர்த்துத்தான் பிற்காலத்தார் குண்டு துளையாத மேலங்கி செய்தனர். இழை புதியது, முறையோ பழைய நெசவாளர் முறையே.

இதனின் வேறு இரண்டு பாடங்களும் கற்றோம். சித்திரை வெயிலில் அக்கவசத்தை ஒரு நாழிகை அணிந்திருந்தோம், தலை சுழன்றது. மார்க்கோ போலோ கண்ட வெறுமேனி வீரர் அறிவிலிகள் அல்லர் என்பது அப்போது தெளிவாயிற்று. இவ்வெயிலில் நெடுநேரம் நின்று பொரவும், விரைந்து பாயவும், கேடகத்தை நம்பி உடலை எளிதாக வைத்தலே பலர்க்குத் தக்கதாய் இருந்திருக்கும். மற்றொன்று, மழைக்காலத்தில் நேர்ந்தது. பரண்மேல் வைத்த கவசத்தின் தோட்புறத்தைக் கஞ்சி மணத்துக்கு வந்த எலிகள் கரம்பிவிட்டன. எஞ்சிய பகுதியிலும் பூசணம் படர்ந்தது. ஒரே பருவத்தில் நம் கவசத்துக்கு இக்கதி எனின், நானூறாண்டுக்கு முற்பட்ட நூற்கவசம் நமக்குக் கிட்டாமையில் வியப்பென்னை? இரும்பு உடைபட்டு விலைபோயிற்று. நூல் ஓசையின்றி மண்ணாயிற்று.

பள்ளி திறந்தபின், எலி கடித்த அக்கவசத்தையே அச்சிறுமிக்குக் காட்டினோம். அவள் அதனைத் தூக்கிப் பார்த்துத் தைத்த கட்டங்களைத் தடவி, “இதுதான் நம் முன்னோர் போட்டிருந்ததா ஐயா?” என்று கேட்டாள். கரவொலிக்கு ஆசைப்பட்ட பழைய நாக்கு ‘ஆம்’ என்று சொல்லத் துடித்தது. நாம் அதனை அடக்கி, “இது நாங்கள் செய்தது, அம்மா. விசயநகரப் படையில் பொதியங்கி இருந்ததற்குச் சான்று உண்டு. கைக்கோளப் படையினர் அணிந்தனர் என்பதற்குக் கல்வெட்டு இல்லை. ஆனால் இப்படி ஒன்றை நெய்யும் அறிவு நம் தெருவில் உண்டு, அதைக் கண்ணாற் பார்க்கலாம், வா” என்று அப்பெரியவரின் வீட்டுக்கு அழைத்துச் சென்றோம்.

அன்பர்காள்! அத்தெருவில் நாம் சிறுவராயிருந்தபோது காலையில் பாவு நீட்டிக் கஞ்சி தோய்க்கும் காட்சியும், வீடுதோறும் தறி ஓசையும் இருந்தன. இன்று அப்பெரியவரின் குழித்தறி ஒன்றே எஞ்சியுள்ளது. அவர் மக்கள் விசைத்தறிக்கும் வெளியூர்க்கும் சென்றுவிட்டனர். அவரைக் குறை கூறற்கில்லை, வயிறு கேட்பதை யார் மறுப்பார்? ஆயினும் கஞ்சியின் பதம், இழையின் நெருக்கம், பருத்தியின் குணம் ஆகிய இவ்வறிவு எந்தக் கல்வெட்டிலும் பொறிக்கப்படவில்லை. அவர் விரல்களில் மட்டுமே இருக்கிறது. அவரோடு அஃது அழியின், நானூறாண்டுக்குப்பின் வரும் மற்றொரு சிறுமி, “நம் முன்னோர் நெய்தனராமே, அது எப்படி?” என்று கேட்கும்போது, மற்றோர் ஆசிரியர் நம்மைப்போல் நாணி நிற்க நேரும்.

ஆதலின் நாம் வேண்டுவது சிறிதே. ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் இல்லத்து முதியோரிடம் அமர்ந்து, அவர் அறிந்த தொழிற்சொற்களையும் பக்குவங்களையும் ஓர் ஏட்டில் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புக. பழம்பெருமை பேசுமுன் சான்று கேட்கும் பிள்ளைகளை அதட்டாது வாழ்த்துக. எலி தின்ற தோட்புறத்தை இவ்விடுமுறையில் புதிதாகத் தைக்கவிருக்கிறோம். பெரியவர் நெய்துதர இசைந்துள்ளார். அச்சிறுமி ஊசி பிடிக்கவிருக்கிறாள்.