குடி நீக்கி

மே மாதத்தில் ஒரு மத்தியானம் முண்டியம்பாக்கம் ரயில் நிலையத்தில் இறங்குகிற யாருக்கும் ஒரு கேள்வி எழும். மனிதர்கள் எதற்காக இங்கே வந்து குடியேறினார்கள்? கண்ணுக்கெட்டிய தூரம் வெயில். அங்கங்கே பனை. ஆற்றங்கரை நாகரிகம் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்ததெல்லாம் இங்கே செல்லுபடியாகாது. ஆனாலும் ஊர்கள் இருக்கின்றன. அடுத்தடுத்து, நெருக்கமாக, கல்வெட்டுகளோடும் கோயில்களோடும் இருக்கின்றன.

ஊர் வரலாறு எழுதுகிறவர்களிடம் இதற்கு இரண்டு பதில்கள் தயாராக உண்டு. ஒன்று, இயற்கை வளம். மற்றது, மன்னன் கொடுத்தான் என்பது. முதல் பதில் பொய் என்பதற்கு வெளியே போய் ஐந்து நிமிடம் நின்றால் போதும். இரண்டாவது பதில் பொய்யல்ல. ஆனால் அது பாதி வாக்கியம். கொடுத்தவன் பெயரும் பெற்றவன் பெயரும் அதில் இருக்கின்றன. கொடுக்கப்பட்ட பொருளில் ஏற்கெனவே யார் இருந்தார்கள், அதைக் கொடுக்கத் தகுந்த பொருளாக ஆக்கியது யார் என்பது இல்லை. இந்த விடுபட்ட பாதியைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன். நான் சரித்திரம் படித்தவனல்ல. ஆங்கில இலக்கியத்தில் பி.ஏ. பட்டம் வாங்கிவிட்டு வங்கியில் குமாஸ்தாவாக இருப்பவன். விவசாயக் கடன் விண்ணப்பங்கள் என் மேஜைக்கு வருகின்றன. சரித்திரத்தில் எனக்கிருக்கும் சிரத்தை அந்த விண்ணப்பங்களிலிருந்து தொடங்கியது.

முதலில் நீர். இந்தப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 1000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. குறைவு என்று சொல்ல முடியாது. ஆனால் அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்து, சரிவில் ஓடி, கிழக்கே கடலில் போய்ச் சேர்ந்துவிடும். மிச்ச மாதங்களுக்கு வெயில். எனவே இங்கே தங்குவது என்பது மழையை நிறுத்தி வைப்பது என்ற ஒரே காரியத்தைப் பொறுத்தது. சரிவுக்குக் குறுக்கே கரை, கரையில் மதகு, மிஞ்சின நீர் வழிய ஒரு கலங்கல், அந்தக் கலங்கலில் வழிவது அடுத்த ஊர் ஏரிக்குப் போகும் வாய்க்கால். பாலாற்றுக்கும் தென்பெண்ணைக்கும் இடைப்பட்ட நிலத்தின் படத்தை எடுத்துப் பார்த்தால் ஏரிகள் ஒன்றுக்கொன்று கை கொடுத்து நிற்பது தெரியும். ஏரி இருந்த இடத்தில் ஊர் வந்தது. வெயில் வரவேற்றதால் யாரும் இங்கே வரவில்லை. வெயிலைச் சமாளிக்கும் வழி தெரிந்தவர்கள் தங்கினார்கள்.

தங்கியவர்கள் அடுக்கடுக்காக வந்திருக்கிறார்கள். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் கீழ்வாலைப் பாறைகளில் செங்காவி ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றை வரைந்தவர்களுக்கு மன்னன் யாரும் நிலம் கொடுத்திருக்க முடியாது. சங்க காலத்தில் ஓய்மான் நாடு என்ற பெயரில் இந்தப் பகுதி வருகிறது. நல்லியக்கோடனின் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. திண்டிவனம் என்ற பெயருக்கே புளியங்காடு என்றுதான் பொருள். காடாக இருந்ததை ஊர்ப்பெயர் மறக்கவில்லை. சமணர்கள் செஞ்சியைச் சுற்றிய குன்றுகளில் தங்கினார்கள். மேல்சித்தாமூரில் அவர்கள் மடம் இன்றும் இருக்கிறது. மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் கோயில் செய்ததாகப் பாறையில் எழுதி வைத்தான். பின்னால் ராஜசிம்மன் பனமலையில் குன்றின் மேல் கோயில் கட்டினான். குன்றின் கீழே பெரிய ஏரி.

முண்டியம்பாக்கத்தில் வருகிற 'பாக்கம்' என்ற சொல்லுக்கு அகராதிகள் நெய்தல் நிலத்து ஊர் என்று பொருள் தருகின்றன. இந்த ஊரிலிருந்து கடல் வெகு தூரம். கடற்கரையில் பிறந்த சொல் உள்நாட்டில் வந்து குடியேறியிருக்கிறது. மங்கலம், புரம், பட்டு, பேட்டை, பாளையம், குப்பம் என்று சுற்றிலும் உள்ள ஊர்களின் வால்களை மட்டும் எழுதி வைத்துப் பார்த்தால்கூட, வந்தவர்கள் ஒரே சமயத்தில் வரவில்லை, ஒரே காரியத்துக்காகவும் வரவில்லை என்பது விளங்கும்.

இதுவரை சொன்னது சுகமான சரித்திரம். யாரும் யாரையும் தள்ளிவிட்டுக்கொண்டு வந்ததாக இதில் இல்லை. ஆனால் செப்பேடுகளிலும் கல்வெட்டுகளிலும் இரண்டு சொற்றொடர்கள் வருகின்றன. ஒன்று, குடி நீங்கா தேவதானம். மற்றொன்று, குடி நீக்கிய தேவதானம். முதலாவதில் நிலம் கோயிலுக்குப் போனாலும் உழுகிற குடிகள் தொடர்ந்து இருந்தார்கள். இரண்டாவதில் அவர்களை அகற்றிவிட்டு நிலம் கொடுக்கப்பட்டது. எவ்வளவு சாவதானமான பாஷை! ஒரு குமாஸ்தா என்ற முறையில் இந்த நடை எனக்கு அந்நியமானதல்ல. நிலத்தின் எல்லைகளைச் சொல்லி, இறைகளைச் சொல்லி, இடையில் இரண்டு சொல்லில் சில குடும்பங்களை அப்புறப்படுத்திவிட்டு, மேலே போய்விடுகிற நடை. நம் ஆய்வாளர்கள் இதை வரி நிர்வாகத்தின் கலைச்சொல் என்று விளக்கிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கலைச்சொல்தான். ஆனால் நீக்கப்பட்டவர்கள் அன்று சாயங்காலம் எங்கே போனார்கள் என்று கேட்பது சரித்திரத்துக்கு வெளியே உள்ள கேள்வி என்று நான் ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை.

விக்கிரவாண்டிக்கு மேற்கே எண்ணாயிரம் என்ற ஊர் இருக்கிறது. முதலாம் ராஜேந்திரன் காலத்தில் அங்கே ஒரு பெரிய வேதக் கல்லூரி நடந்தது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள், 45 வேலி நிலம். ஒவ்வொருவருக்கும் தினம் எத்தனை நாழி நெல் என்பதுகூடக் கல்வெட்டில் இருக்கிறது. தமிழர் கல்விச் சிறப்புக்கு மேடைகளில் இதைச் சான்று காட்டுவது வழக்கம். காட்டட்டும். அந்த 45 வேலியில் இறங்கி நெல்லை விளைவித்தவர்களுக்கு எத்தனை நாழி என்று கல்வெட்டு சொல்லவில்லை. திண்டிவனத்துக்கு வடக்கே உத்திரமேரூரில் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஏரி வாரியம் பற்றிப் பேசுகிறது. வாரியங்களில் இடம் பெற இறை கட்டும் கால் வேலி நிலமாவது வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஏரியை நிர்வகிப்பவன் யார் என்பது இவ்வளவு தெளிவாக இருக்கிறது. மண் சுமந்து கரை போட்டவன் இந்தத் தகுதிகளில் எதையும் பெற்றிருக்க முடியாது. ராஜராஜன் தஞ்சைக் கோயிலுக்கு விட்ட ஊர்களின் கணக்கில், வரி இல்லாத இடங்களின் பட்டியலில், ஊர் நத்தம், குளம், சுடுகாடு இவற்றோடு பறைச்சேரியும் ஒரு இனம். உழைக்கிறவர்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன் ஆவணத்தில் ஏறுகிறார்கள். ஆனால் ஆட்களாக இல்லை. கழித்துக்கொள்ள வேண்டிய நிலப்பரப்பாக.

செஞ்சி நாயக்கர்கள் வந்தார்கள். அவர்கள் காலத்தை ஒட்டித் தெலுங்கு பேசும் குடிகள் வந்து நிலைத்தார்கள். பிறகு பீஜப்பூர், 1677இல் சிவாஜி, 1698இல் முகலாயர், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். கோட்டை கை மாறிய ஒவ்வொரு தடவையும் சிலர் வந்தார்கள், சிலர் தங்கினார்கள். தங்கியவர்களின் பிள்ளைகள் ஒரு தலைமுறையில் ஊர்க்காரர்களானார்கள். வெளியூர்க்காரன் உள்ளூர்க்காரனாவதில் இந்த மண் பெரிய தடை விதித்ததாகத் தெரியவில்லை. ஊரிலேயே பிறந்தும் ஊருக்குள் வர முடியாமல் இருந்தவன் ஒருவன்தான்.

அவன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறினான். பிரிட்டிஷ் குடியேற்றங்களில் 1834க்கான சட்டத்தின்படியும் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848இலும் அடிமை முறை ஒழிந்தபோது, கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாக ரீயூனியன் தீவுக்கு. சென்னை வழியாக மொரீஷியஸுக்கும் நேட்டாலுக்கும். நேட்டாலுக்கான முதல் கப்பல் ட்ரூரோ 342 பேரோடு 1860 நவம்பர் 16ஆம் தேதி டர்பனை அடைந்தது. 1876–78 பஞ்சம் இன்னும் பலரைத் துரத்தியது. ஒப்பந்தக் கூலி முறை 1917இல் நிற்கும்வரை இது நடந்தது. அங்கேயும் வெயில்தான். அங்கேயும் ஏற்கெனவே குடிகள் இருந்த நிலம்தான் நேட்டால். ஜூலு மக்களிடமிருந்து எடுக்கப்பட்டது. நீக்கப்பட்ட இடத்தில் நீக்கப்பட்டவன் போய்க் கரும்பு வெட்டினான்.

நேட்டால் கப்பல் பட்டியல்களில் ஒரு விசேஷம் உண்டு. ஒவ்வொரு கூலிக்கும் ஓர் எண் கொடுத்து, அவர் பெயர், தகப்பனார் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம், உயரம், உடம்பிலுள்ள அடையாளம் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். ஆற்காடு என்ற பெயர் அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. ஆயிரம் வருஷம் ஏரி வெட்டியபோதும் கரை உயர்த்தியபோதும் நாற்று நட்டபோதும் எந்த ஆவணத்திலும் இடம் பெறாத மனிதனுக்கு, ஊரை விட்டுப் போகிறபோது பெயரும் தகப்பன் பெயரும் ஊர்ப்பெயரும் கிடைத்துவிட்டன. ஓடிப் போனால் பிடிப்பதற்காகத்தான் எழுதினார்கள் என்பது வேறு விஷயம்.

போகாமல் இருந்தவர்கள் தரிசு நிலமாவது கிடைக்குமா என்று பார்த்தார்கள். 1891இல் செங்கல்பட்டில் கலெக்டர் பொறுப்பிலிருந்த டிரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். தரிசுக்கு மனுப் போட்டாலும் மிராசுதாரர்களுக்கு முன்னுரிமை இருந்ததால் அது மனுக் கொடுத்தவன் கைக்கு வருவதில்லை என்பது அதில் விளக்கமாக இருக்கிறது. 1892 செப்டம்பர் 30ஆம் தேதி உத்தரவு வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதிலிருந்து தொடங்குகிறது. பத்து வருஷம் விற்கக் கூடாது. அதன் பின்னும் தாழ்த்தப்பட்டவர்களுக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருந்தது, நிலம் கை மாறியது. 1994இல் காரணை நிலத்தைக் கேட்டுச் செங்கல்பட்டில் ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் சுட்டு இருவர் இறந்தார்கள். அதற்கும் முன்பு, 1978 ஜூலையில், முண்டியம்பாக்கத்துக்குப் பக்கத்தில் விழுப்புரம் நகரத்திலேயே தலித்துகள் 12 பேர் கொல்லப்பட்டார்கள். குடியேற்றம் என்பது பழங்காலத்தோடு முடிந்துவிட்ட விஷயம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு ஆண்டுகளையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக வந்தவர்கள் கிழக்கே, பாண்டிச்சேரிக்கு மேலே இருக்கிற செம்மண் மேட்டில் இருக்கிறார்கள். 1968 பிப்ரவரி 28ஆம் தேதி 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டு ஆரோவில்லைத் தொடங்கினார்கள். மரமெல்லாம் போய், மழையில் மண் அரித்துக் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த மேடு அது. ஐரோப்பாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள் கீற்றுக் கொட்டகையில் தங்கி, சரிவுக்குக் குறுக்கே வரப்புப் போட்டு, மழையை நிறுத்தி, மரம் வைத்தார்கள். இன்று அது காடு. இதை ஏளனம் செய்ய எனக்கு விருப்பமில்லை. அவர்களும் கடைசியில் ஏரி வெட்டியவன் செய்ததையே செய்தார்கள் என்பதுதான் என்னைக் கவர்கிறது. வெயில் நாட்டில் தங்க வேறு வழி கிடையாது. ஆனால் அவர்கள் செய்ததற்குப் படங்களும் புத்தகங்களும் இருக்கின்றன. 1988இல் பாராளுமன்றம் ஒரு சட்டமே செய்தது. குயிலாப்பாளையத்திலிருந்தும் இடையன்சாவடியிலிருந்தும் போய்க் கூடவே குழி வெட்டியவர்களின் பெயர்கள் அவ்வளவு சுலபமாகக் கிடைக்குமா?

முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலை இருக்கிறது. ரீயூனியனுக்கும் நேட்டாலுக்கும் ஆள் தேடிப் போன அதே கரும்பு, இப்போது டிராக்டர்களில் ஏறி இந்தச் சாலையிலேயே போகிறது. 2010இல் மருத்துவக் கல்லூரி வந்தது. அதைச் சுற்றி மனைப்பிரிவுகள் வந்தன. புதிதாகக் குடியேறுகிறவர்களின் வீட்டுக் கடன் காகிதங்களையும் நான் பார்க்கிறேன். எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

போன வருஷம் ஒரு பெரியவர் வந்தார். காலனிக்காரர், எழுபது வயதிருக்கும். கிணற்று மோட்டாருக்குக் கடன் வேண்டும் என்றார். கைநாட்டு வைப்பவர் என்பதால் விண்ணப்பத்தை நானே எழுதினேன். பெயர். தகப்பனார் பெயர். வயது. ஊர். அங்க அடையாளம்: இடது முழங்கையில் ஒரு தழும்பு. அது எப்படி வந்தது என்று அவராகவே சொன்னார், ஏரி வேலையில் மண்வெட்டி பட்டதாம்.

"ஐயா, பட்டா இருக்குதா?" என்று கேட்டேன்.

"பட்டா ஏது சார். எங்க பாட்டன் காலத்துலேருந்து நாங்கதான் பயிர் வைக்கிறோம். இந்த ஏரிய வெட்டனதே எங்க ஆளுங்கதான்னு சொல்வாங்க."

விதிப்படி பட்டா இல்லாமல் கடன் கிடையாது. அதைச் சொல்ல வேண்டியது என் வேலை, சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சரி சார் என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனார். விண்ணப்பத்தில் மற்ற எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. நேட்டால் கப்பலில் கேட்ட கேள்விகளில் அநேகமாக எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. நாங்கள் கூடுதலாகக் கேட்ட ஒரு கட்டம் மட்டும் காலி. 'நிராகரிக்கப்பட்டது' என்று முத்திரை வைத்துக் கோப்பில் சேர்த்தேன். கீழே என் கையெழுத்து இருக்கிறது.