பூட்டு இருந்தும் திறந்து கிடந்த கதவு

2003 ஆகஸ்ட் 11. இணையத்தில் இருந்த பல விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் திடீரென ஒரு அறிவிப்புப் பெட்டி தோன்றியது. 60 விநாடி எண்ணி முடித்ததும் கணினி தானாகவே அணைந்து மீண்டும் தொடங்கியது. பிளாஸ்டர் என்ற புழுவின் வேலை அது. மின்னஞ்சலைத் திறக்க வேண்டாம், எதையும் கிளிக் செய்ய வேண்டாம். இணைய இணைப்பு இருந்தாலே போதும், 135-ஆம் போர்ட் வழியாக உள்ளே வந்துவிடும்.

இத்தனைக்கும் இந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் ஜூலை 16-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. வீடுகளில் பலர் அதை நிறுவவில்லை. புழு வந்தபின் இறக்கிக் கொள்ளலாம் என்றால், டயல்-அப் இணைப்பில் அது இறங்கி முடிவதற்குள் கணினி அணைந்துவிடும்! விஷயம் தெரிந்தவர்கள் 'ஷட்டவுன் -ஏ' என்று கட்டளை கொடுத்து அதைத் தடுத்தார்கள். அதே மாதம் வெல்ச்சியா என்ற இன்னொரு புழு, பிளாஸ்டரை அழித்து பேட்ச்சை நிறுவுகிறேன் பேர்வழி என்று கிளம்பி நெட்வொர்க்குகளையே திணறடித்தது தனிக்கதை.

வேதனை என்னவென்றால், எக்ஸ்பியிலேயே 2001 முதல் ஒரு ஃபயர்வால் இருந்தது. அதை இயக்கியிருந்தால் பிளாஸ்டர் வாசலிலேயே நின்றிருக்கும். ஆனால் அது அணைத்த நிலையிலேயே வந்தது. அமைப்புகளுக்குள் எங்கோ ஒளிந்திருந்ததைச் சாதாரண பயனர் தேடிப் பிடிப்பார் என்று நினைத்தது நிறுவனத்தின் தவறுதான். 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2-தான் ஃபயர்வாலைத் தொடக்கத்திலிருந்தே இயங்கும்படி மாற்றியது.