மேட்டூரில் நிலக்கரி பிந்தி வந்தது

மேட்டூர் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் வெகு தொலைவிலேயே கண்ணில் படும். புதிதாக வருகிறவர்கள் அவற்றை அந்த ஊரின் ஆதி அடையாளமாகவே எடுத்துக்கொள்வார்கள். ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் கதை வேறு. அணை 1934இல் முடிந்தது. அதன் அடியிலிருந்து நீர் மின்சாரம் 1937இல் புறப்பட்டது. நிலக்கரியின் முதல் அலகு ஓடத் தொடங்கியதோ 1987இல். ஐம்பது ஆண்டுகள் மேட்டூர் மின்சாரம் என்றால் அது காவிரியின் மின்சாரம்தான். அனல் மின்சாரத்தை விட்டு வேறு வழிக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால், உலகத்தையே புரட்டிப்போடச் சொல்வதுபோல நம் ஊரில் பலரும் பார்க்கிறார்கள். சேலம், நாமக்கல் சமவெளியின் பழைய கணக்கு அந்தப் பார்வையை ஆதரிக்கவில்லை. இருநூறு ஆண்டுகளுக்குள் எரிபொருளை மீண்டும் மீண்டும் மாற்றிக்கொண்ட மண் இது. ஒவ்வொரு மாற்றத்தின் சுமையையும் யார் தலையில் வைத்தோம் என்பதைத்தான் நாம் எழுதி வைக்கவில்லை.

முதலில் எரிந்தது மரம். சேலத்துக்கு மேற்கே நிற்கும் கஞ்சமலையின் காந்தக் கல்லை நாட்டு உலைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக மரக்கரியில் உருக்கி இரும்பு எடுத்தார்கள். சிறிய மண் உலை, தோல் துருத்தி, ஒரு வேளைக்குச் சில கிலோ இரும்பு. காடு தாங்கிய அளவு அது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830களில் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையில் பெரிய ஊதுலை வைத்தபோது அளவு மாறியது. சேலத்துக் கல் காவிரி வழியாகப் படகில் போனது. காவிரிக் கரையிலேயே பூலாம்பட்டியில் பிறகு ஓர் உலை எழுந்தது. கல்லுக்குக் குறைவே இல்லை. குறைந்தது கரிக்கான மரம். பெரிய உலையின் பசிக்குக் காடு ஈடுகொடுக்கவில்லை; கரி தொலைதூரத்திலிருந்து வரவேண்டியதாயிற்று, விலை ஏறியது, 1860களுக்குள் தொழில் படுத்துவிட்டது. இங்கிலாந்தின் மலிவான இரும்பும் அதை அழுத்தியது உண்மை. ஆனால் எரிபொருளைத் தொலைவிலிருந்து இழுத்துவரும் தொழில் நிலைக்காது என்ற பாடம் இந்த மண்ணில் அப்போதே எழுதப்பட்டுவிட்டது.

அடுத்து வந்தது தண்ணீர். 1925இல் தொடங்கிய அணை வேலையின் நோக்கம் தஞ்சைப் பாசனம். மின்சாரம் கூடக் கிடைத்த லாபம். அந்த லாபம் சேலத்தைப் புரட்டிப்போட்டது. 1936இல் மேட்டூர் கெமிக்கல்ஸ் வந்ததற்கும், 1960களில் ஏற்காட்டுப் பாக்சைட்டை நம்பி மால்கோ அலுமினிய ஆலை வந்ததற்கும் அணையின் மின்சாரமே காரணம். அதைவிடப் பெரிய மாற்றம் கிணற்றடியில் நடந்தது. கவலை இறைத்த மாடுகள் ஓய்ந்தன, மோட்டார் ஓடத் தொடங்கியது. நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கத்து மேட்டு நிலம் மரவள்ளிக்கும் கரும்புக்கும் மாறியது கம்பி வழியே வந்த அந்த நீரால்தான். இதற்கும் விலை உண்டு. அணையில் நீர் நன்றாக இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரங்களும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும் தலை காட்டும். வேடிக்கை பார்க்க மக்கள் திரள்கிறார்கள். கீழே கிடப்பவை வீடு வாசலை விட்டு எழுந்துபோன மக்களின் ஊர்கள். நீர் மின்சாரத்தைத் தூய மின்சாரம் என்று எழுதும்போது இந்த நந்தியை மறக்கக்கூடாது.

தண்ணீருக்கு இன்னொரு குறையும் இருந்தது. மேட்டூர் மின்சாரம் பாசனத் திறப்போடு கட்டுண்டது. ஜூன் 12இல் மதகு திறந்து ஜனவரியில் மூடினால், மின்சாரமும் ஏறக்குறைய அந்தக் கணக்கில்தான். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. மின்வெட்டு வாட்டிய காலத்தில் நிலக்கரியைத் தேர்ந்தவர்களை இன்று குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. 1987 முதல் 1990 வரை 210 மெகாவாட் அலகுகள் நான்கு, 2013இல் 600 மெகாவாட் அலகு ஒன்று. மொத்தம் 1,440 மெகாவாட். கடற்கரை இல்லாத இடத்தில் மின்வாரியம் நடத்தும் ஒரே அனல் நிலையம் இது. ஒடிசாவில் வெட்டிய நிலக்கரி ரயிலில் பாரதீப் துறைமுகம் போய், கப்பலில் சென்னைப் பக்கத்துத் துறைமுகத்துக்கு வந்து, மறுபடி ரயிலேறி மேட்டூருக்கு வருகிறது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் என்று வைத்தாலும், ஐந்து அலகும் முழு மூச்சில் ஓடும் ஒரு நாளுக்கு 24,000 டன், ஏறத்தாழ ஆறு சரக்கு ரயில் வேண்டும். அதில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் சாம்பல். சிமென்ட் ஆலைக்கும் செங்கல் சூளைக்கும் போனது போக மிச்சம் சாம்பல் குட்டையில். காற்றடிக்கும் மாதங்களில் சுற்று வட்டாரத்தில் காயப்போட்ட துணியிலும் கூரையிலும் படிவதை எந்தப் பதிவேடும் எடை போடவில்லை. 2024 டிசம்பரில் நிலக்கரித் தொட்டி சரிந்து இரண்டு தொழிலாளர்கள் உயிரை விட்டார்கள். மலிவு மின்சாரம் என்று சொல்லும்போது அந்த இரண்டு பேரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மின்சாரத்துக்காகத் தெருவில் இறங்குவது இந்த மாவட்டங்களுக்குப் புதிதல்ல. 1970களின் தொடக்கத்தில் கோவை நாராயணசாமி நாயுடு தலைமையில் கொங்கு விவசாயிகள் யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கக் கேட்டுப் போராடினார்கள். மாட்டுவண்டிகள் சாலையை அடைத்தன. 1970இல் பெருமாநல்லூரிலும், 1972இல் சேலம் மாவட்டத்துப் பெத்தநாயக்கன்பாளையத்திலும் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் இறந்தார்கள். 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் வந்த இலவச மின்சாரத்தின் வேர் அங்கே இருக்கிறது. அந்தப் போராட்டம் மின்சாரத்தின் விலையைக் கேட்டது. அது எதில் விளைகிறது என்று கேட்கவில்லை. கேட்கவேண்டிய காலமும் அதுவல்ல. ஒரு பைசாவுக்காக உயிர் கொடுத்த ஊர்களுக்கு இன்றைய கணக்கு எளிதில் விளங்கும். ராஜஸ்தானின் பட்லாவில் 2017 ஏலத்தில் சூரிய மின்சாரம் யூனிட் 2 ரூபாய் 44 காசுக்கு வந்தது. இரண்டு ரயிலும் ஒரு கப்பலும் ஏறி இறங்கும் நிலக்கரிக்கு அந்த விலை கட்டாது.

ராத்திரிக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, சூரியத் தகடுகளைக் காட்டி மட்டும் அதற்குப் பதில் சொல்ல முடியாது. பதில் பாதி நம் கையிலேயே இருக்கிறது. மேட்டூரில் முதல் அனல் அலகு ஓடிய அதே 1987இல் ஆனைமலையில் கடம்பாறை நிலையம் ஓடத் தொடங்கியது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் எடுக்கும் நிலையம் அது. முப்பந்தல், கயத்தாறு பக்கம் காற்று உச்சத்தில் அடிப்பது ஜூன் முதல் செப்டம்பர் வரை; மேட்டூர் மதகு திறந்திருக்கும் காலமும் அதுதான். கிணற்று மோட்டாருக்கு வேண்டியதோ பகல் மின்சாரம். இரவு ஷிப்டுக்கு டார்ச் எடுத்துக்கொண்டு வயலுக்குப் போன தலைமுறைக்கு அதன் அருமை தெரியும். சேகோ ஆலைகள் பலவற்றில் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுத்து மோட்டார் ஓட்டுகிறார்கள், நாமக்கல் கோழி எருவிலும் மின்சாரம் எடுத்திருக்கிறார்கள். இவை சிறியவை, ஒரு 600 மெகாவாட் அலகுக்கு ஈடென்று சொன்னால் அது பொய்.

வேலை போகுமே என்பது இன்னும் கனமான கேள்வி. நிலையத்துக்குள் நிரந்தர ஊழியரைவிட ஒப்பந்தத் தொழிலாளியின் வாழ்வுதான் முதலில் ஆடும். ஆனால் அலுமினிய விலை சரிந்த 2008இல் மால்கோவின் உருக்காலை நின்றபோது எந்தச் சுற்றுச்சூழல் இயக்கமும் அதை மூடச் சொல்லவில்லை. சந்தை முன்னறிவிப்புக் கொடுப்பதில்லை. திட்டமிட்ட மூடலுக்குத்தான் பத்து ஆண்டுக் கெடுவும், மறுபயிற்சியும், ஒப்பந்தத் தொழிலாளருக்கும் ஓய்வூதியமும் கேட்டு வாங்க முடியும். நிலக்கரி மின்சாரம் பிறந்த இங்கிலாந்தே 2024 செப்டம்பர் 30 அன்று தன் கடைசி நிலையத்தை மூடியது, பல ஆண்டுக்கு முன்பே தேதி சொல்லி வைத்து.

எண்ணூரின் பழைய 450 மெகாவாட் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அந்த இடத்திலேயே 660 மெகாவாட்டுக்கு மறுபடியும் நிலக்கரி அலகு கட்டத் திட்டம் வந்தது. எண்ணூர் மீனவர்களும் பூவுலகின் நண்பர்கள் போன்ற அமைப்புகளும் அதை எதிர்த்து நிற்கிறார்கள். மேட்டூரின் முதல் நான்கு அலகுகளும் முப்பத்தைந்து வயதைத் தொட்டவையும் தாண்டியவையும். அவற்றின் இடத்தில் என்ன வரவேண்டும் என்ற பேச்சு சேலத்திலும் நாமக்கல்லிலும் இன்னும் சூடு பிடிக்கவில்லை. மேட்டூரில் நிலம் இருக்கிறது, அணை இருக்கிறது, ஊர் ஊராகப் போகும் உயர் அழுத்தக் கம்பிகளும் நிற்கின்றன. அந்தக் கம்பிகள் 1930களில் முதன்முதலாகச் சுமந்தது காவிரியைத்தான்.